இருபத்தேழு டிகிரி

டீயில் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்துவிட்டுக் குடிக்கிற ஒரே ஒரு ஆளைத்தான் என் ஆயுசில் பார்த்திருக்கிறேன். அந்த அக்காவை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எங்கள் படகு யார்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் முதல் நாள் அதைக் கண்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஷிப்ட் மாறுகிற நேரம், கடை முன்னால் நாற்பது பேர் முண்டியடிக்கிறார்கள். இவர் நிதானமாக இடுப்பிலிருந்து ஒரு சாண் நீளப் பிளாஸ்டிக் குழாயை எடுக்கிறார். சுவரில் ஒயர் ஓட்டுவார்களே, அந்தக் குழாய். மூடியைத் திருகி உள்ளேயிருந்து கண்ணாடித் தெர்மாமீட்டரை உருவி, கிளாசில் விட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார். சிவப்புக் கோடு ஏறி நிற்கிறது. “எழுவத்தொண்ணு” என்று தனக்குத்தானே சொல்லிவிட்டுக் கிளாசைப் பெஞ்சில் வைத்துக் காத்திருக்கிறார். அறுபதுக்கு இறங்கினால்தான் வாயில் வைப்பாராம். காத்திருந்து குடித்துவிட்டு, தெர்மாமீட்டரைக் கழுவித் துடைத்துத் திரும்பவும் குழாய்க்குள் போட்டுக்கொண்டார். நான் அன்றுதான் யார்டுக்கு ஒர்க்ஸ் மேனேஜராக வந்து சேர்ந்திருந்தேன். இந்த அம்மா எனக்குக் கீழே வேலை செய்யக் கூடாது கடவுளே என்று வேண்டிக்கொண்டேன். கடவுள் கேட்கவில்லை.

யார்டில் எல்லோருக்கும் அவர் டிகிரி அக்காதான். புதிதாக வருகிறவர்கள் ஏதோ பெரிய படிப்புப் படித்தவர் போலிருக்கிறது என்று எழுந்து நிற்பார்கள். அவர் படித்தது எட்டாவது. வயது ஐம்பதைத் தொட்டிருந்தது, என்னைவிட ஏழெட்டு வருடம் மூத்தவர். நானும் அக்கா என்றுதான் கூப்பிட்டேன், அவர் என்னை சார் என்பார். செய்து முடித்த படகை ஏரியில் ஓட்டிப் பார்த்து, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எஞ்சின் சூட்டைக் குறித்துக்கொண்டு வருவது அவர் வேலை.

நாங்கள் செய்தது ஜெட் போட். அடியில் விசிறி கிடையாது. படகின் அடிவயிற்றில் இருக்கும் வாய் வழியாகத் தண்ணீரை உறிஞ்சி, பின்பக்கமாகப் பீய்ச்சியடித்து ஓடும். முழங்கால் தண்ணீர் இருந்தால் போதும் என்பதால் வெள்ள நேரத்தில் தெருவுக்குள்ளேயே போகலாம். உறிஞ்சுகிற தண்ணீரில் ஒரு பங்கு எஞ்சினைச் சுற்றி வந்து அதைக் குளிர வைத்துவிட்டு வெளியே போகும். லாரிக்கு ரேடியேட்டர் மாதிரி இதற்கு ஆறும் ஏரியும்தான் ரேடியேட்டர். உள்ளே வரும் தண்ணீரில் பாசியோ பிளாஸ்டிக் கவரோ சேர்ந்து வடிகட்டியை அடைத்தால் எஞ்சின் கொதிக்கும். எஞ்சினின் வேகத்தைக் குறைத்தால் உள்ளே வருகிற தண்ணீரும் குறையும். நான் திருவள்ளூரில் பதினெட்டு வருடம் லாரியும் பஸ்ஸும் பார்த்தவன். படகு எனக்குப் புதிது. அதை ஒப்புக்கொள்கிற குணம் எனக்கு அப்போது இல்லை.

அக்கா எங்களிடம் வருவதற்கு முன் பழவேற்காடு பக்கம் ஓர் இறால் குஞ்சுப் பண்ணையில் இருந்தவர். தொட்டித் தண்ணீரின் சூடு ஏறாமல் இறங்காமல் பார்த்துக்கொள்வதுதான் அங்கே அவர் பொறுப்பு. இரண்டு டிகிரி இறங்கினால் காலையில் தொட்டி முழுக்க வெள்ளை வெள்ளையாக மிதக்குமாம். சொந்தக்காரர் கல்யாணத்துக்கு ஒரு நாள் லீவு போட்டார், அன்றைக்கு அப்படி ஆகிவிட்டது. திரும்பி வந்து அந்தத் தொட்டியைப் பார்த்ததைச் சொல்லும்போது, பெற்ற பிள்ளைகளைப் பற்றிப் பேசுவது மாதிரி அவர் குரல் இறங்கும். அதற்கப்புறம் அவர் யார் கல்யாணத்துக்கும் போனதில்லை.

கிரகப்பிரவேசத்துக்கு வருவார். மணவாள நகரில் நான் வீடு கட்டிக் குடிபோனபோது வந்தார். வந்தவர் வெற்றிலை பாக்கை வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதானே. அடுப்படிக்குள் புகுந்து இட்லி மாவுப் பாத்திரத்தில் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்து, இந்தச் சூட்டில் வைத்தால் நாளைக் காலை நாஷ்டாவுக்கு மாவு புளிக்காது, துணி சுற்றி அடுப்புப் பக்கம் தள்ளி வை என்று என் மனைவிக்கு உத்தரவு போட்டுவிட்டுப் போனார். என் மனைவிக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. உங்க யார்டுல கிறுக்குங்களாப் பார்த்துத்தான் வேலைக்கு எடுப்பீங்களா என்று கேட்டாள். பாத்திரத்தை அவள் நகர்த்தவில்லை. மறுநாள் மாவு புளிக்கவில்லை. ஆறு மாதம் கழித்து எங்கள் வீட்டு மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர் இருந்தது. நான் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை.

அக்காவின் மகன் எங்களிடமே படகு ஓட்டினான். இருபத்தைந்து வயது, வாய் ஓயாத பையன், அம்மாவைக் கிண்டல் செய்வதென்றால் அவனுக்குச் சோறு தண்ணி வேண்டாம். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னான்: “எங்கம்மா இதுவரைக்கும் என் நெத்தில கை வெச்சதில்ல சார். ஜொரம் வந்தா தெர்மாமீட்டரத்தான் வெக்கும். நூறுன்னா கஞ்சி, நூத்தொண்ணுன்னா மாத்திரை. நூத்திரண்டுன்னாத்தான் என்னைப் பாக்கும்.” எல்லோரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தார். அவனும் சிரித்தான்தான், ஆனால் கொஞ்சம் முன்னதாக நிறுத்திவிட்டான். அக்கா அதைப் பார்த்தார், தட்டைக் கழுவப் போய்விட்டார்.

அவரிடம் எனக்கு உண்மையிலேயே பிடிக்காதது வேறொன்று. நம்பர் விஷயத்தில் அவர் யாருக்கும் வளையமாட்டார். மூன்று படகுகள் செய்து முடித்திருந்தோம். ஓடும்போது எஞ்சின் சூடு எழுபத்தைந்தைத் தாண்டக் கூடாது என்பது வாங்குகிறவர்கள் போட்ட நிபந்தனை. அவர்கள் பக்கத்து அதிகாரி ஏரிக்கரையில் வந்து உட்கார்ந்திருந்தார். படகு ஒரு சுற்றுப் போய் வந்தது. எழுபத்தைந்து என்று எழுதுங்கள் அக்கா என்று நான் மெதுவாகச் சொன்னேன். அவர் அந்த மனிதர் காது கேட்கவே, “எழுவத்தேழு சார், எழுவத்தஞ்சு இல்ல” என்றார். இரண்டு டிகிரியில் என்ன குடி முழுகிப் போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். அந்த ரெண்டுலதான் எல்லாம் இருக்குது என்றார். அதிகாரி நோட்டை மூடிவிட்டு, சரி செய்துவிட்டுக் கூப்பிடுங்கள் என்று காரில் ஏறிப் போய்விட்டார். முதலாளி எனக்குக் கொடுத்த டோஸில் இரண்டு நாள் நான் சாப்பிடவில்லை.

சரி செய்கிறேன் பேர்வழி என்று நான் செய்த காரியத்தை இப்போது சொல்ல வேண்டும். எஞ்சினில் தெர்மோஸ்டாட் என்று ஒரு சின்ன வால்வு உண்டு. எஞ்சின் தேவையான அளவு சூடாகும் வரை அது தண்ணீரைத் தடுத்து வைக்கும், சூடானதும் திறந்துவிடும். எங்கள் பக்கத்து ஒர்க்‌ஷாப்புகளில் லாரி கொதிக்கிறது என்று யார் வந்தாலும் முதல் வேலையாக அந்த வால்வைக் கழற்றிக் குப்பையில் போடுவோம். குளிர் நாட்டுக்காரன் வைத்தது, நம்ம வெயிலுக்கு எதற்கு என்பது எங்கள் எல்லோருடைய சித்தாந்தம். எனக்கு முந்தின தலைமுறை அப்படித்தான் செய்தது, நானும் நூற்றுக்கணக்கில் கழற்றியிருக்கிறேன். படகிலும் கழற்றினேன். சூடு காட்டும் முள் நாற்பத்தைந்தில் போய் உட்கார்ந்துகொண்டது. ஏதோ சாதித்துவிட்ட மாதிரி எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

அக்கா மட்டும் சந்தோஷப்படவில்லை. அடைத்திருப்பது வடிகட்டி, அதைப் பெரிதாகப் போட வேண்டும், வால்வு ஒரு பாவமும் செய்யவில்லை என்றார். நான் கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்து எஞ்சின் ஆயிலை அளக்கிற குச்சியை எடுத்துக்கொண்டு என் ரூமுக்கே வந்தார். ஆயில் கெட்டியாக இல்லை, தண்ணீர் மாதிரி நீர்த்துச் சொட்டியது. முகர்ந்து பாருங்க என்றார். பெட்ரோல் வாடை.

“சூடே ஏறாம ஓடுது சார். பெட்ரோலு எரியாம ஆயில்ல எறங்குது. எல்லாத்துக்கும் ஒரு சூடு கீது, அதுல இருந்தாத்தான் அது அதுவா இருக்கும். கொதிச்சாலும் போச்சு, குளுந்தாலும் போச்சு.”

ஆயிலை மாற்றிவிட்டு வேலையைப் பாருங்கள் என்றேன். அவர் போகவில்லை. மூன்றில் ஒரு படகையாவது வால்வோடு விட்டுவையுங்கள், அதற்கு நான் பொறுப்பு என்று நின்றார். ஆளை அனுப்பினால் போதும் என்று சரி என்றேன். மற்ற இரண்டும் என் இஷ்டப்படி ஜில்லென்று ஓடிக்கொண்டிருந்தன.

அந்த வருடம் கார்த்திகையில் மழை விடவே இல்லை. ஆரணியாறு கரையை உடைத்துக்கொண்டு ஊருக்குள் புகுந்த அன்று, அரசாங்கப் படகுகள் வந்து சேர நேரமாகும், உங்கள் யார்டில் இருப்பதை அனுப்ப முடியுமா என்று தாலுகா ஆபீஸிலிருந்து கேட்டார்கள். மூன்றையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போனோம். ஒன்றை ஆற்றின் அந்தப் பக்கத்துக்கு அனுப்பிவிட்டோம். ஒன்றில் நானும் அக்காவின் மகனும். வால்வு இருந்த படகில் அக்கா தனியாக.

ரோடு முடிந்து தண்ணீர் தொடங்குகிற இடத்தில் படகை இறக்கினோம். தூரத்தில் ஓர் ஓட்டு வீட்டுக் கூரையில் ஏழு பேர் இருப்பதாகச் சொன்னார்கள். அதில் ஒரு பெண்ணுக்கு நிறைமாதம். வீடு மண் சுவர். அக்கா தன் எஞ்சினைப் போட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தார். ஏன் நிற்கிறீர்கள் என்று கத்தினேன். அஞ்சு நிமிஷம் சார், சூடு ஏறட்டும் என்றார். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. இங்கே உயிர் போகிறது, இவருக்கு டிகிரி கேட்கிறது. நீங்கள் நின்று பூஜை போடுங்கள் என்று சொல்லிவிட்டு, எடுடா வண்டியை என்றேன். அவர் மகன் அம்மாவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தான், எடுத்தான்.

பாதி வழியில் முழு வேகம் கொடுத்தபோது எஞ்சினுக்குள் டக் டக் என்று ஒரு சத்தம். எனக்குத் தெரிந்த சத்தம்தான். பேரிங் போகிற சத்தம். பெட்ரோல் கலந்து நீர்த்துப் போன ஆயில் அதைக் காப்பாற்றவில்லை. நாலைந்து தடவை அடித்துவிட்டு எஞ்சின் இறுகி நின்றது. ஓட்டம் நின்ற ஜெட் போட்டைத் திருப்பவும் முடியாது. தண்ணீர் படகைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போய் ஒரு பூவரச மரத்தில் மோதிக் கவிழ்த்தது. படகு போய்விட்டது. நானும் அவனும் ஆளுக்கொரு கிளையைப் பிடித்துக்கொண்டு மார்பளவு தண்ணீரில் தொங்கினோம். ஏறலாம் என்றால் கிளை முறியும் போலிருந்தது. எங்களுக்குக் கீழே கொஞ்ச தூரத்தில் ஒரு சிறுபாலம். தண்ணீர் மொத்தமும் அதன் கண்ணுக்குள் குபுகுபுவென்று நுழைந்துகொண்டிருந்தது. கையை விட்டால் போட்டிருக்கிற மிதவை ஜாக்கெட்டோடு அதற்குள் போக வேண்டியதுதான்.

கொஞ்ச நேரத்தில் அக்காவின் படகு வந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. முப்பதடி தூரத்தில் வேகத்தைக் குறைத்தார். குறைத்த உடனே அவர் படகில் சூடு அதிகம் என்று எச்சரிக்கிற மணி அடிக்கத் தொடங்கியது. எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. வடிகட்டியில் குப்பை ஏறிவிட்டது. வேகமாக ஓடினால்தான் கொஞ்சமாவது தண்ணீர் எஞ்சினுக்குப் போகும். மரத்தடியில் இலையும் தழையும் சுழல்கிற இடத்தில் வந்து நின்று எங்களை ஏற்றினால், எஞ்சின் அங்கேயே உட்கார்ந்துவிடும். ஒன்று எங்கள் பக்கம் வரலாம், அல்லது கூரைப் பக்கம் போகலாம். இரண்டுக்கும் அந்த எஞ்சினில் உயிர் இல்லை.

அக்கா கூரையைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்து அந்தப் பிளாஸ்டிக் குழாயை எடுத்தார்.

நான் பொய் சொல்லவில்லை. பெற்ற மகன் மரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்போது, அந்த மனுஷி படகிலிருந்து குனிந்து வெள்ளத்தில் தெர்மாமீட்டரை விட்டார். விட்டு, கொஞ்ச நேரம் வைத்திருந்து, தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். டீக்கடையில் பார்க்கிற அதே மாதிரி.

“இருபத்தேழு. ரெண்டு மணி நேரம் தாங்கும். புடிச்சிக்கினு இரு நைனா, வந்துடறேன்.”

அவ்வளவுதான். வேகத்தைக் கூட்டினார். படகு கூரைப் பக்கம் போய்விட்டது. எங்கள் யார்டு சுவரில் ஓர் அட்டவணை ஒட்டியிருந்தோம், எத்தனை டிகிரித் தண்ணீரில் மனிதன் எவ்வளவு நேரம் தாங்குவான் என்று. மீட்புப் பயிற்சிக்கு வந்தவர்கள் கொடுத்தது. எங்களில் அதை உட்கார்ந்து படித்த ஒரே ஆள் அவர்தான். அதை வைத்துத்தான் கணக்குப் போட்டுவிட்டுப் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் என்னால் நம்ப முடியவில்லை. தண்ணீரின் குளிரைவிட அதுதான் என்னை உறைய வைத்தது. நான் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். அந்தப் பையன் படகு போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் வரிசையாகச் சொல்ல முடியாது, ஞாபகம் அப்படி இல்லை. கிளையின் பட்டை உரிந்து கையில் வந்தது தெரியும். ஒரு செத்த ஆடு என் தோளில் முட்டி நின்று, பிறகு தானே போனது தெரியும். ஒரு கட்டத்தில் என் விரல்கள் என் பேச்சைக் கேட்கவில்லை. என்னால முடியாதுடா, நான் விடப்போறேன் என்று அவனிடம் சொன்னேன். அவன் ஒரு கையால் கிளையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் என் ஜாக்கெட்டின் பட்டையைப் பிடித்தான். அவன் மணிக்கட்டில் வாட்ச் இருந்தது. அதைப் பார்த்தான்.

“உடாதீங்க சார். எங்கம்மா ரெண்டு மணி நேரம்னு சொல்லிச்சு. இன்னும் டைம் கீது. அது நம்பர்ல பொய் சொல்லாது.”

அதைச் சொன்னபோது அவன் பற்கள் தந்தியடித்துக்கொண்டிருந்தன. எனக்கு எழுபத்தேழு ஞாபகம் வந்தது. அதிகாரி காதுபட அதை எழுபத்தேழு என்றே சொன்ன வாய் அது என்பது ஞாபகம் வந்தது. இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது என்று அவன் சொன்னான். பத்து நிமிஷம் பிடித்தேன். இன்னும் இருபது நிமிஷம் என்றான். அப்போதும் விடாமல் பிடித்தேன். இரண்டு மணி நேரத்துக்கு ஏழெட்டு நிமிடம் பாக்கி இருக்கையில் படகுச் சத்தம் கேட்டது.

ஏழு பேரையும் மேட்டு ரோட்டில் கொண்டுபோய் இறக்கியதும் எஞ்சின் நின்றுவிட்டதாம். வடிகட்டியைக் கழற்றி உள்ளே கிடந்த பாசியையும் கவர்களையும் வெறுங்கையால் வழித்தெடுத்தாராம். அதற்குப் பிறகும் எஞ்சினைப் போடவில்லை. கொதித்த எஞ்சினில் பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் விட்டுவிடும், ஆறட்டும் என்று அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாராம். உன் மகன்தானே தாயி அங்கே தொங்குகிறான், போட்டுப் பாரேன் என்று ரோட்டில் நின்றவர்கள் கெஞ்சியிருக்கிறார்கள். இவர் முள்ளைப் பார்த்தபடி அசையாமல் இருந்திருக்கிறார். அந்த மண் சுவர் அதற்குள் இடிந்து, கூரை தண்ணீரில் போய்விட்டிருந்தது. இதையெல்லாம் பிற்பாடு அங்கிருந்தவர்கள் சொன்னார்கள்.

எங்களை ஏற்றிக்கொண்டு கரைக்கு வந்ததும் நான் செய்த முதல் காரியம், அத்தனை பேர் முன்னாலும் அவரைப் பார்த்துக் கேட்டதுதான்: “நீயெல்லாம் ஒரு தாயா?” அதுவரை அவரை நான் ஒருமையில் பேசியதில்லை. அவர் மகனுக்கு ஒரு போர்வையைச் சுற்றினார். நெற்றியில் கை வைப்பார் என்று நான் பார்த்தேன். வைக்கவில்லை. கையை நீட்டினார், மடக்கிக்கொண்டார்.

மூன்று வாரம் நான் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வெள்ளம் வடிந்ததும் கவிழ்ந்த படகை மீட்டு எஞ்சினைப் பிரித்துப் பார்த்தார்கள், தப்பு என்னுடையது என்று ஊருக்கே தெரிந்துவிட்டது, முதலாளி பேசிய பேச்சையும் கேட்டாகிவிட்டது. அது நியாயம், வாங்கிக்கொண்டேன். ஆனாலும் அந்த ஒரு காட்சி என் கண்ணை விட்டுப் போகவில்லை. தூங்கப் போனால் குனிந்து தெர்மாமீட்டரை விடுகிற அந்தக் கைதான். அவர் ஏழு உயிரைக் காப்பாற்றினார், எட்டு என்றே சொல்ல வேண்டும், அந்தப் பெண்ணுக்கு அன்றைக்கு மறுநாள் குழந்தை பிறந்தது. எல்லாம் சரிதான். ஒரு சொட்டுக் கண்ணீராவது விட்டுவிட்டுப் போயிருக்கலாமே என்றுதான் எனக்கு. எங்கோ அந்த மனுஷிக்கு உள்ளே ஏதோ இல்லை என்றே முடிவு கட்டியிருந்தேன்.

மகனோ தலைகீழாக மாறிப்போனான். கிண்டலெல்லாம் நின்றுவிட்டது. டீக்கடையில், ரயிலில், யார் கிடைத்தாலும் பிடித்து வைத்துச் சொல்வான். தண்ணியில தெர்மாமீட்டர் உட்டுப் பாத்து, எம்புள்ள ரெண்டு மணி நேரம் தாங்குவான்னு கணக்குப் போட்டுட்டுத்தான் எங்கம்மா போச்சு, சொன்ன மாதிரியே வந்துச்சு என்று. சொல்லும்போது அவன் முகம் சின்னப் பிள்ளை முகமாகிவிடும். தன்னை அவ்வளவு துல்லியமாக ஒருத்தி அளந்து வைத்திருக்கிறாள் என்பதில் அவனுக்கு அவ்வளவு பெருமை.

நான் புது வால்வுகள் வாங்கினேன். மாட்டுவதற்கு முன் ஒவ்வொன்றும் எத்தனை டிகிரியில் திறக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, வால்வைப் போட்டு, ஸ்டவ்வைப் பற்ற வைத்தேன். தெர்மாமீட்டர் வேண்டுமே. வேறு வழியில்லாமல் அக்கா இருந்த ஷெட்டுக்குப் போய்க் கேட்டேன். அவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு இடுப்பிலிருந்து குழாயை எடுத்துக் கொடுத்தார். குழாய் நடுவில் நசுங்கி, கறுப்பு டேப் சுற்றியிருந்தது. மூடியைத் திருகி உள்ளங்கையில் கவிழ்த்தேன். அடிக்குமிழ் இல்லை. சிவப்புக் கோடு இல்லை. வெறும் கண்ணாடிக் குச்சியும் இரண்டு மூன்று சில்லும் விழுந்தன.

எப்போது உடைந்தது என்று கேட்டேன். அன்னிக்குத்தான் சார் என்றார். எங்களை ஏற்றும்போதா என்றேன். இல்லை என்று தலையை ஆட்டினார்.

“நீங்க போனப்புறம் போட்டைத் தள்றப்போ கால் வழுக்கி அது மேலயே உழுந்தேன். அப்பவே போச்சு.”

ஸ்டவ்வின் இரைச்சல் பக்கத்து அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது. எனக்கு உடனே புரியவில்லை. புரிந்தபோது நான் அங்கே கிடந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டேன். அப்படியானால் இருபத்தேழு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். இரண்டு மணி நேரம் எங்கிருந்து வந்தது.

“வாயில வந்துச்சு, சொன்னேன். தண்ணில கைய வெச்சிப் பாத்தேன் சார், என் கையே மரத்துப் போயிருந்துச்சு, ஒண்ணும் தெரியல. அவன் என்னையே பாத்துக்கினு இருந்தான். சும்மா உட்டுட்டுப் போனா மனசு உட்டுடுவான், கையும் உட்டுடுவான். நம்பர் சொன்னா நம்புவான்.”

நான் கரையில் வைத்துக் கேட்ட வார்த்தை எனக்கு ஞாபகம் வந்தது. அவர் என் உள்ளங்கையிலிருந்த கண்ணாடிச் சில்லுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் குழாய்க்குள் போட்டுக்கொண்டார். மூடியைத் திருகினார். அதற்குப் பிறகுதான் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். அத்தனை வருடத்தில் அவர் கண் கலங்கி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

“அவன்கிட்ட மட்டும் சொல்லிடாத சார். எங்கம்மா கணக்குப் போட்டுட்டுத்தான் போச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு கீறான். ஒரு கணக்கும் இல்லாமத்தான் உட்டுட்டுப் போனேன்னு தெரிஞ்சா அத்த அவன் தாங்கமாட்டான்.”

நான் சொல்லவில்லை. அக்கா வேலையை விட்டுப் பொதட்டூர்பேட்டையில் மகள் வீட்டோடு போய் வருடங்களாகின்றன. அவன் இப்போதும் எங்கள் யார்டில்தான் இருக்கிறான், இந்த மாதிரி எழுத்தையெல்லாம் படிக்கிற ஆளில்லை. புதிதாக யாராவது சேர்ந்தால் முதல் நாளே அந்தக் கதையைத் தொடங்கிவிடுவான். “இருபத்தேழு டிகிரி” என்று அவன் சொல்கிற இடம் வருவதற்குள் நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன்.